பெர்லே ஃபான் நூர்ன்பெர்க்: சென்னையில் வாங்கலாமா?

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஆனால் சில மணி நேரமாவது நேரடி வெயில் விழுகிற மொட்டைமாடியோ பால்கனியோ இருக்க வேண்டும், மழை நாளில் தொட்டியைத் தூக்கி வைக்க ஓர் இடம் இருக்க வேண்டும், வாங்குவது டிசம்பர் பாதிக்கு மேல் பிப்ரவரிக்குள் இருக்க வேண்டும். இதில் ஒன்று இடித்தாலும் இந்தச் செடிக்குக் காசு கொடுக்காதீர்கள். அதே விலைக்கு நம் ஊர் வெப்பத்தைத் தாங்கும் வேறு செடிகள் இருக்கின்றன, அதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் வாங்கியது எச்செவேரியா பெர்லே ஃபான் நூர்ன்பெர்க். சேகரிப்பவர்கள் சுருக்கமாகப் பிவிஎன் என்பார்கள். இலைகள் ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக விரியும் சக்குலண்ட் (தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் செடி), சாம்பல் கலந்த ஊதா, ஓரங்களில் இளஞ்சிவப்பு. மலைப்பக்கத்து நர்சரி ஒன்றில் இணையம் வழியாக ஆர்டர் போட்டேன். செடி 220 ரூபாய், கூரியர் தனி. சென்னை நர்சரிகளிலும் குளிர்மாதங்களில் பார்த்திருக்கிறேன், ஆனால் அங்கே பெரும்பாலும் நிழல்வலைக்கு அடியில் ஈரக் கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூள்) இருந்து இருந்து கழுத்து நீண்டுபோய் நிற்கும், அதனால் நேராக வளர்க்கிறவர்களிடமே வாங்கிவிடலாம் என்று தோன்றியது.

பார்சல் விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மண் இல்லாமல், வேர் மட்டும் வைத்து அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் உண்டு, பயப்பட வேண்டாம், சக்குலண்டைத் தொலைதூரம் அனுப்ப அதுதான் சரியான முறை. ஈர மண்ணோடு மூடிய அட்டைப்பெட்டிக்குள் சில நாள் புழுங்கினால் தண்டு அழுகித்தான் வந்து சேரும். மெல்லிய டிஷ்யூ தாளை ஒவ்வொரு இலை அடுக்குக்கு நடுவிலும் செருகி, வெளியே பஞ்சு சுற்றி, பெட்டியைக் குலுக்கினாலும் அசையாதபடி கட்டியிருந்தார்கள். அடி இலை ஒன்றிரண்டு கசங்கி இருந்தது, அது யார் அனுப்பினாலும் நடக்கும். ‘4 அங்குலம்’ என்று போட்டிருந்த அளவும் சரியாக இருந்தது. ஒரு விஷயம், இந்த அளவு தொட்டியின் அளவா, செடியின் குறுக்களவா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். 4 அங்குலத் தொட்டியில் 2 அங்குலச் செடியை வைத்துப் படமெடுத்துப் போடும் கடைகளும் இருக்கின்றன.

செடி கைக்கு வந்ததும் முதலில் தண்டின் அடியைப் பாருங்கள். வேர்கள் மெல்லியதாக, காய்ந்து, பழுப்பாக இருந்தால் பரவாயில்லை, நட்டபின் புது வேர் விடும். தண்டு அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். என்னுடையது நல்ல கெட்டி, வெட்டுப்பட்ட இடம் காய்ந்து தோல் கட்டியிருந்தது. அப்புறம் இலை மேலே வெள்ளையாக மாவு தூவிய மாதிரி ஒரு பூச்சு இருக்கிறதே, அதைத் துடைத்துவிடாதீர்கள். அது தூசி இல்லை, செடி தானே சுரக்கும் மெழுகு. வெயிலைத் திருப்பி அனுப்புவதும், தண்ணீர் இலையில் தங்காமல் உருண்டு ஓடச் செய்வதும் அதுதான். விரல் பட்ட இடத்தில் போனது போனதுதான், பழைய இலையில் மறுபடி சரியாக வராது. என் செடியில் பேக்கிங் செய்தவரின் கட்டைவிரல் தடம் ஓர் இலையில் அப்படியே பதிந்திருந்தது, அந்த இலை உதிரும்வரை அந்தத் தடமும் இருந்தது. தொடுவதாக இருந்தால் தண்டைப் பிடித்துத் தூக்குங்கள், அல்லது தொட்டியைப் பிடியுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது அந்த நர்சரி கூடவே வைத்திருந்த வளர்ப்பு அட்டையைப் பார்த்துத்தான். ‘வீட்டுக்குள் வளர்க்கும் செடி, வாரம் ஒருமுறை தண்ணீர் தெளிக்கவும்’ என்று அச்சடித்திருந்தார்கள். சென்னைக்கு, அதுவும் இந்தச் செடிக்கு, இதைவிடத் தவறான ஆலோசனை இருக்க முடியாது. இத்தனை அக்கறையாகக் கட்டி அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, வாங்குகிறவரின் ஊர் எது என்று பார்த்து இரண்டு வரி மாற்றி எழுத மனம் வர வேண்டாமா? புதிதாக வாங்குகிறவர்கள் இந்த அட்டையை நம்பி டிவி பக்கத்தில் வைத்துத் தெளிப்பானால் அடிப்பார்கள், கொஞ்ச நாளில் செடி போய்விடும், ‘நமக்குச் செடி ராசி இல்லை’ என்று சொல்லிக்கொண்டு மறுபடி வாங்காமலே இருந்துவிடுவார்கள். என் மதிப்புரையை இவ்வளவு நீளமாக எழுதுவதற்கே அந்த அட்டைதான் காரணம்.

இந்தச் செடிக்கு எது பிடிக்கும் என்று தெரிய, இது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். இயற்கையில் எங்கேயும் வளர்வது கிடையாது. ஜெர்மனியில் ரிச்சர்ட் கிரேசர் என்பவர் 1930களில் இரண்டு எச்செவேரியாக்களைக் கலந்து உருவாக்கியது. ஒன்று கிப்பிஃப்ளோராவின் ‘மெட்டாலிகா’ வகை, பெரிய இலை, வெண்கலமும் ஊதாவும் கலந்த நிறம், தண்டு உயர்ந்து போகும் குணம். இன்னொன்று எலகன்ஸ், வெளிர் நீலப் பச்சையில், சின்னதாக, பந்து மாதிரி நெருக்கமாக மூடிக்கொள்ளும் இலை அடுக்கு. பிவிஎன்னைக் கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் தெரியும்: நிறம் அங்கிருந்து, அடுக்கும் மெழுகுப் பூச்சும் இங்கிருந்து. கூடவே, வயதாக ஆகத் தண்டு நீண்டு தலை மட்டும் மேலே நிற்பதும் அந்த முதல் பெற்றோரிடமிருந்து வந்ததுதான். நன்றாக வளர்ந்தால் 15 சென்டிமீட்டர் அகலம் வரை விரியும். இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி தோட்டத்துக்கு ஏற்ற நல்ல செடி என்று விருது கொடுத்திருக்கிறது, அந்த ஊருக்கு அது சரி.

பெற்றோர் இரண்டுமே மெக்சிகோவைச் சேர்ந்தவை. எச்செவேரியா இனமே பெரும்பாலும் அந்த நாட்டு மேட்டு நிலங்களில், பாறை இடுக்குகளில் வளர்வது. பகலில் வெயில் கொளுத்தும், ராத்திரியில் குளிரும், பெய்யும் மழை பாறையில் நிற்காமல் வழிந்துவிடும். இந்த மூன்றில் சென்னையால் தர முடிந்தது முதலாவது மட்டும். மற்ற இரண்டையும் நாம்தான் செய்து கொடுக்க வேண்டும். மண்ணும் தண்ணீரும் நம் கையில் இருக்கின்றன. ராத்திரிக் குளிர்தான் சிக்கல்.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை எடுக்கும், இந்த வகைச் செடிகள் ராத்திரியில்தான் திறக்கும். பகலில் திறந்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிவிடும் என்பதால், குளிர்ந்த நேரம் பார்த்துத் திறந்து, கார்பன் டை ஆக்சைடை எடுத்து அமிலமாக மாற்றி இலைக்குள் சேர்த்து வைத்துக்கொண்டு, மறுநாள் வெயிலில் துளைகளை மூடியபடியே அதை வைத்து உணவு தயாரிக்கும். மே மாதத்தில் சென்னையில் நடுராத்திரியிலும் 28, 29 டிகிரி இருக்கிறது. அந்தச் சூட்டில் செடியின் இந்த வேலை மந்தமாகிவிடும், வளர்ச்சி நிற்கும், வேர் தண்ணீர் உறிஞ்சுவதும் குறையும். செடி உறங்குகிற அந்த நேரத்தில் மண் ஈரமாக இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நம் ஊரில் பிவிஎன் செத்தால் பத்தில் ஒன்பது பேர் ‘வெயில் தாங்கவில்லை’ என்பார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் சூடான ராத்திரியில் ஈரமான மண்தான் காரணம்.

ஓசூரில் இருக்கும் அக்காவுக்கும் அதே நர்சரியிலிருந்து அதே செடியை வாங்கிக் கொடுத்தேன். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், கோடையிலும் சாயங்காலத்துக்கு மேல் சூடு இறங்கிவிடும். “நான் ஒண்ணும் பெருசா பண்றதில்லடா, மழை விடாம பெஞ்சா மட்டும் உள்ள தூக்கி வைக்கறேன்” என்கிறார். அவர் செடி என்னுடையதைவிட ஒரு கை அகலம் கூடுதல், நிறமும் நல்ல அடர்த்தி. மண், தொட்டி எல்லாம் நான் கலந்து கொடுத்ததுதான். ஆக ஓசூர், ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, பெங்களூர் பக்கம் இருப்பவர்கள் இந்த மதிப்புரையில் பாதியை விட்டுவிட்டு நேராக வாங்கிவிடலாம். கோயம்புத்தூர்க்காரர்களுக்கும் எங்களைவிடச் சுலபம். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோரத்தில் இருப்பவர்களுக்குத்தான் மீதி.

இடம். வீட்டுக்குள் வேண்டாம், ஜன்னல் ஓரமும் பெரும்பாலான வீடுகளில் போதாது. வெளிச்சம் குறைந்தால் இலைகளுக்கு நடுவே இடைவெளி விழும், அடுக்குத் தட்டையாகிக் கீழ்நோக்கிக் கவிழும், ஊதா போய்ச் சாம்பல் பச்சையாகும், தண்டு வெளிச்சம் வரும் பக்கம் நீளும். அப்படி நீண்டது திரும்பச் சுருங்காது. காலை வெயில் 10, 11 மணி வரை நேராக விழுந்து, அதற்குமேல் மறைவாகிற கிழக்குப் பக்கம் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. டிசம்பர், ஜனவரியில் நாள் முழுக்க வெயிலில் வைக்கலாம், ஒன்றும் ஆகாது, நிறம் அப்போதுதான் அழகாக வரும். மார்ச் கடைசியிலிருந்து 50 சதவீத நிழல்வலைக்கு அடியில் கொண்டுவந்துவிட வேண்டும். புதிதாக வந்த செடியை நேராக உச்சி வெயிலில் வைத்தால் இலையில் பழுப்புத் தழும்பு விழும், அது மாறாது, அந்த இலை கீழே போய் உதிரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள்.

மொட்டைமாடியில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. தரையில் வைக்காதீர்கள், கைப்பிடிச்சுவர் மேலேயும் வேண்டாம். பகல் முழுக்க வெயில் குடித்த சிமென்ட் தரை ராத்திரி பத்து மணிக்குக்கூடக் கால் வைத்தால் சுடும். அந்தச் சூடு அப்படியே தொட்டிக்குள் ஏறி வேரை வேகவைக்கும். இடுப்பு உயர இரும்பு ஸ்டாண்டில், கம்பித் தட்டு போட்ட மாதிரி, அடியிலும் காற்று போகும்படி வைத்துப் பாருங்கள். நான் ஸ்டாண்டுக்கு மாற்றிய அந்தக் கோடையில்தான் செடி மே மாதத்தை இலை உதிர்க்காமல் தாண்டியது. கடற்காற்று வரும் பக்கம் பார்த்து வைத்தால் இன்னும் நல்லது. செடிக்குக் குளிர்ந்த ராத்திரி தர முடியாவிட்டாலும் காற்றோட்டமாவது தர முடியும்.

மண் பற்றி ஆளுக்கொரு சமையல் குறிப்பு சொல்வார்கள், விலை கொடுத்துப் ‘சக்குலண்ட் மிக்ஸ்’ வாங்கவும் செய்யலாம். நான் வாங்கிப் பார்த்த ஒரு பாக்கெட்டில் முக்கால்வாசி கோகோபீட்தான் இருந்தது. கோகோபீட் நம் ஊர் ஈரப்பதத்தில் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், விரலை உள்ளே விட்டால் சகதியாக இருக்கும். இப்போது நான் போடுவது: இரண்டு பங்கு உடைத்த செங்கல், பட்டாணி அளவில். ஒரு பங்கு நன்றாக அலசிய எம்-சாண்ட், அதில் இருக்கும் மாவு மாதிரி தூள் போகும்வரை தண்ணீரில் அலச வேண்டும், இல்லையென்றால் சிமென்ட் போல இறுகிவிடும். ஒரு பங்கு செம்மண்ணும் மக்கிய மண்புழு உரமும் சேர்ந்தது. கைப்பிடி அடுப்புக்கரி. பெர்லைட், ப்யூமிஸ் (எடை குறைந்த, துளை நிறைந்த கல் துண்டுகள்) கிடைத்தால் செங்கலுக்குப் பதில் போடலாம், ஆனால் உடைந்த செங்கல் எந்தக் கட்டடம் கட்டுகிற இடத்திலும் கிடைக்கிறது, அதைச் சுத்தியலால் தட்டிச் சலித்தால் போதும். சரியாகக் கலந்த மண்ணில் தண்ணீர் ஊற்றினால் மேலே தேங்காமல் ஊற்றும்போதே அடியில் ஒழுக ஆரம்பிக்க வேண்டும். அதுதான் சோதனை.

தொட்டி, சுட்ட மண் தொட்டி. பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாகும், அந்த ஆவியாதலே தொட்டியைக் குளிர வைக்கும், பானைத் தண்ணீர் குளிர்வது இதே கணக்குத்தான். செடியின் அகலத்தைவிட ஒரு அங்குலம் பெரிதாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் சின்னச் செடி வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். அடியில் ஓட்டை இல்லாத கண்ணாடிக் கிண்ணம், பீங்கான் கோப்பை எல்லாம் படத்துக்கு அழகு, செடிக்கு எமன்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். அடி இலையை இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் தண்ணீர் இருக்கிறது. கொஞ்சம் தளர்ந்து, மேற்புறம் மெல்லிய சுருக்கம் விழுந்திருந்தால் கேட்கிறது என்று அர்த்தம். அப்போது இலை மேல் படாமல் மண்ணில், அடியில் ஒழுகும்வரை, முழுசாக ஊற்றுங்கள். பிறகு மறுபடி சுருக்கம் விழும்வரை விட்டுவிடுங்கள். தெளிப்பானால் கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பது எதற்கும் உதவாது, வேர் மேலாகவே நின்றுவிடும், நடு மொட்டில் தண்ணீர் தங்கி அழுகும். டிசம்பர் பாதிக்கு மேல் பிப்ரவரி வரை வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை கேட்கும். ஏப்ரல், மே, ஜூனில் கேட்கிற மாதிரி தெரிந்தாலும் கையை அடக்குங்கள், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, சூரியன் இறங்கியபின், தொட்டியின் ஓரத்தில் கொஞ்சமாக, உயிர் பிடித்திருக்க மட்டும். செடி சுருங்கும், அடி இலைகள் காய்ந்து காகிதம் போலாகும், அகலம் குறையும். பார்க்கக் கஷ்டமாக இருக்கும், விட்டுவிடுங்கள். சுருங்கிய செடி மழைக்காலம் முடிந்து தண்ணீர் குடித்து நிமிர்ந்துவிடும். அழுகிய செடி நிமிராது.

காய்ந்து உதிர்வதையும் அழுகி உதிர்வதையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அடியில் இருக்கும் ஓர் இலை மெதுவாகப் பழுப்பாகிக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் அது வயதான இலை, கழற்றி எடுத்துவிடலாம், எடுத்தே ஆக வேண்டும், பூச்சிகள் ஒளிவது அங்கேதான். இலை மஞ்சளாகி, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவி, கை பட்டதும் ஜெல்லி போலக் கழன்று வந்தால் தண்டில் அழுகல் தொடங்கிவிட்டது. அப்போது ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கத்தியை ஆல்கஹாலில் துடைத்து, தலையை வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்பு வளையமோ கறுப்புப் புள்ளியோ இருந்தால் இன்னும் மேலே வெட்ட வேண்டும், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்து, வெள்ளரிக்காய் உள்பக்கம் போல வெளிர் பச்சையாகச் சுத்தமான முகம் தெரியும்வரை. சாஃப் என்று உரக்கடையில் கிடைக்கும் பூஞ்சைக்கொல்லித் தூளை, அது கார்பென்டசிமும் மான்கோசெப்பும் கலந்தது, கையுறை போட்டுக்கொண்டு வெட்டில் தடவி, நிழலில் காய விட்டு, தோல் கட்டியபின் காய்ந்த மண் மேல் உட்கார வைத்தால் புது வேர் வந்துவிடும். குளிர்மாதத்தில் இது கிட்டத்தட்ட எப்போதும் பிழைக்கிறது. மே மாதத்தில் பாதி பிழைத்தாலே பெரிது.

வடகிழக்குப் பருவமழை வரும் அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை மேலே ஏதாவது கூரை வேண்டும். ஒரு மழையில் நனைந்தால் ஒன்றும் ஆகிவிடாது, நல்ல வெயில் அடித்தால் அன்றைக்கே காய்ந்துவிடும். புயல் சின்னம் வந்து நாலு நாள் வெயிலே இல்லாமல் ஊறுவதுதான் கொல்லும். ஒளிபுகும் பாலிகார்பனேட் ஷீட் ஒன்றைச் சாய்வாகக் கட்டி, நாலு பக்கமும் திறந்து விட்டால் போதும். அந்தச் சமயத்தில் தண்ணீரே ஊற்ற வேண்டாம்.

உரம் அதிகம் தேவையில்லை. ஜனவரியில் ஒருமுறை மேல்மண்ணில் கொஞ்சம் மண்புழு உரம், அவ்வளவுதான்.

மாவுப்பூச்சி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தச் செடியின் மேல் இயற்கையாகவே வெள்ளைப் பூச்சு இருப்பதால் பூச்சி வந்தது தெரியவே தெரியாது. நடு மொட்டில் இலைகள் கோணலாக வருகின்றனவா, தொட்டியைச் சுற்றி எறும்பு ஊர்கிறதா என்று பாருங்கள். எறும்பு வந்தால் பூச்சி இருக்கிறது, அது சுரக்கும் இனிப்புக்காகத்தான் எறும்பு வருகிறது, வருவதோடு நிற்காமல் பூச்சியை அடுத்த தொட்டிக்கும் கொண்டுபோகும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைக் காதுக்குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பூச்சி இருக்கும் இடத்தில் மட்டும் ஒற்றினால் அப்படியே பழுப்பாகிச் சாகும். சில நாள் விட்டு மறுபடி பார்க்க வேண்டும், முட்டைகள் பொரிந்து வரும். வேப்பெண்ணெயை நான் மற்ற எல்லாச் செடிக்கும் அடிப்பேன், இதற்கு மட்டும் அடிப்பதில்லை. எண்ணெய் பட்டால் மெழுகுப் பூச்சு போய்ச் செடி முழுக்கப் பச்சைத் திட்டுகளாக, எண்ணெய் வடிகிற மாதிரி ஆகிவிடும், அதோடு வெயில் பட்டால் பொசுங்கும். பழைய மண்ணைக் கொட்டி வேரையும் ஒருமுறை பாருங்கள், வேரில் தங்கும் மாவுப்பூச்சி வேறு இருக்கிறது.

இத்தனை சொன்னபிறகு இது எதற்கு என்று கேட்கலாம். பிப்ரவரி தொடக்கத்தில் காலை ஏழரை மணிக்கு ஒருநாள் இந்தச் செடியைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். ஒவ்வொரு இலையின் நுனியிலும் ஊசி மாதிரி ஒரு சின்ன முனை, அதிலிருந்து ஓரம் முழுக்க ஓடும் மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு, நடுவில் சாம்பலும் ஊதாவும், சாய்வாக வெயில் படும்போது மெழுகின் மேல் ஒரு முத்து வெளிச்சம். குளிரும் வெயிலும் சேர்ந்து வரும் அந்தச் சில வாரங்களில் இலையில் ஊதா நிறமி கூடும். விற்பவர் போட்டிருந்த படத்தில் இருந்த நிறம் எனக்கு அப்போது வந்தது, வருஷம் முழுக்க வராது, அதை வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற மாதங்களில் வெளிர் சாம்பல்தான். கூடவே வளைந்த தண்டில் பூ வரும், சின்னச் சின்ன மணிகளாக, வெளியே பவளச் சிவப்பு, உள்ளே மஞ்சள். பூனை, நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு தகவல், எச்செவேரியா அவற்றுக்கு நஞ்சு இல்லை.

பூத்து முடிந்த தண்டைத் தூக்கி எறியாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் குட்டி இலைகளை முழுசாகக் கழற்றி மண் மேல் வைத்தால் இளஞ்சிவப்பு வேரும் சின்னக் கன்றும் விடும். பெரிய இலைகளிலும் வரும், ஆனால் அடிப்பாகம் கிழியாமல் முழுசாகக் கழன்றால்தான். தண்டு நீண்டுபோன செடியைத் தலைவெட்டி நட்டால், மிச்சம் இருக்கும் கட்டையிலிருந்தும் பக்கக் கன்றுகள் வரும். இப்படித்தான் இந்தச் செடி பெருக முடியும். கலப்பினம் என்பதால் விதை போட்டால் இதே செடி வராது, உலகம் முழுக்க இருக்கும் பிவிஎன் எல்லாம் கிரேசர் உருவாக்கிய அந்த ஒரு செடியின் துண்டுகள்தான். ஆகவே ‘பிவிஎன் விதை 100 எண்ணிக்கை’ என்று இணையத்தில் யாராவது விற்றால் அது ஏமாற்று. பளிச்சென்ற நீலம், வானவில் நிறச் சக்குலண்ட் விதைகளும் அதே கதைதான், அப்படி ஒரு செடியே கிடையாது. மேலே பெயின்ட் அடித்து விற்கும் செடிகளையும் தொடாதீர்கள், இலைக்கு வெளிச்சமே போகாது.

மேலே சொன்ன வசதி இல்லாதவர்கள் கிராப்டோவேரியா ‘ஃப்ரெட் ஐவ்ஸ்’ வாங்குங்கள். அதுவும் கலப்பினம்தான், ஆனால் எச்செவேரியா கிப்பிஃப்ளோராவோடு கிராப்டோபெட்டலம் பராகுவாயென்ஸ் கலந்தது. அந்தப் பராகுவாயென்ஸ் மெக்சிகோச் செடிதான், பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், நம் ஊர் நர்சரிகளில் கோஸ்ட் பிளான்ட் என்று 60, 70 ரூபாய்க்குக் கிடைக்கும், வெயில் மழை இரண்டையும் நன்றாகவே தாங்கும். அந்தக் குணம் ஃப்ரெட் ஐவ்ஸுக்கும் வந்திருக்கிறது. என் மாடியில் பிவிஎன் சுருண்டு கிடக்கும் மே மாதத்தில்கூட அது நிமிர்ந்து நிற்கிறது. நிறம் வெண்கலமும் இளஞ்சிவப்பும், ரோஜா அடுக்கு கொஞ்சம் தளர்ச்சியாக இருக்கும், பிவிஎன்னின் அந்த நேர்த்தி வராது. முதன்முதலாக வளர்ப்பவருக்கு நான் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

மதிப்பெண் போட வேண்டுமென்றால் பேக்கிங்குக்கு 5க்கு 5, செடியின் தரத்துக்கு 5க்கு 4.5, வளர்ப்பு அட்டைக்கு 0. அட்டையைப் பற்றி அந்த நர்சரிக்கும் எழுதினேன், ‘பார்க்கிறோம்’ என்று பதில் வந்தது. செடிக்காக இன்னொரு முறையும் அவர்களிடமே வாங்குவேன். ஆர்டர் போடும்போது குறிப்பில் ‘திங்கள்கிழமை அனுப்பவும்’ என்று எழுதுங்கள், வார இறுதியில் கூரியர் கிடங்கில் செடி அடைந்து கிடக்காது. வந்ததும் பிரித்து, நிழலில் இரண்டு மூன்று நாள் அப்படியே வைத்து, பிறகு காய்ந்த மண்ணில் நட்டு, இன்னும் ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர் ஊற்றுங்கள்.